ஆய்வகத்தில் சேரும் முன்: உயிர் அறிவியல் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்

 

எம்.எஸ்சி. தேர்வு முடிவு வரும் நாட்களில் புளியறை, செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் என்று நம் பகுதி வீடுகளில் ஒரே மாதிரியான பேச்சு நடக்கும். பிள்ளை தாவரவியலோ, விலங்கியலோ, நுண்ணுயிரியலோ, உயிர்த்தொழில்நுட்பமோ முடித்திருப்பான். "ஆராய்ச்சிக்குப் போகட்டுமா வாப்பா?" என்று கேட்பான். "இன்னும் எத்தனை வருசம்டா படிப்பு? நான் எத்தனை வருசத்துக்குப் பணம் கட்டுறது? உன் வயசுப் பையன் எல்லாம் சவூதியிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புறான்" என்பது பதிலாக வரும். கேட்பது மகளாக இருந்தால் பேச்சு இன்னும் சுருக்கமாக முடிந்துவிடும்.

வாப்பாவின் கவலை நியாயமானது. ஆனால் அதற்குள் ஒரு தவறான கணக்கு இருக்கிறது. பிஎச்.டி. என்றால் இன்னும் ஐந்து வருடம் நாம் செலவழித்துப் படிக்க வைப்பது என்று நினைக்கிறோம். உயிர் அறிவியலில் தகுதித் தேர்வு எழுதி முறையாகச் சேர்ந்தால் மாணவருக்கே மாதா மாதம் உதவித்தொகை உண்டு.

பிள்ளைகள் செய்யும் தவறு வேறு. 'எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே சேர்ந்துவிடுவோம்' என்று அவசரப்படுகிறார்கள். ஒரு சம்பந்தம் பேசுவதற்கு முன் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஐந்தாறு ஆண்டுகள் காலை முதல் இரவு வரை இருக்கப் போகும் ஆய்வகத்தைப் பற்றி ஒருவரிடமும் விசாரிப்பதில்லை. பாதியில் விட்டுவிட்டு வருகிற பலருக்கு அறிவு குறைவில்லை. விசாரிக்காமல் சேர்ந்ததுதான் குறை.

ஆகவே உதவித்தொகை, சான்றிதழ், நெறியாளர், ஆய்வகம் ஆகிய நான்கையும் சேரும் முன்பே எப்படிச் சரி செய்து கொள்வது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. கல்லூரியும் ஆய்வகமும்

கல்லூரியில் பாடத்திட்டம் இருக்கும், தேதி போட்டுத் தேர்வு இருக்கும், விடை ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். ஆய்வகத்தில் விடை யாருக்கும் தெரியாது. நெறியாளருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அது ஆய்வாகாது.

நாம் 'கைடு' என்று அழைக்கும் நெறியாளர் ஒரு பட்டறையின் மேஸ்திரியைப் போன்றவர். அவரிடம் மூத்த மாணவர்கள் இருப்பார்கள், புதியவர்கள் இருப்பார்கள். கைவேலையை மூத்தவர் பார்த்துக் கற்றுத் தருவார். கேள்வி கேட்கும் முறையை நெறியாளர் கற்றுத் தருவார். ஆகவே இதைப் படிப்பு என்பதைவிடத் தொழில் பழகுவது என்று சொன்னால் நம் வீட்டாருக்குச் சட்டென விளங்கும். நல்ல மேஸ்திரியிடம் சேர்ந்தவன் தொழிலோடு வெளியே வருவான். மற்றவன் வருடங்களைக் கழித்துவிட்டு வருவான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி பிஎச்.டி. படிப்பின் குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டுகள். வழக்கமான உச்ச வரம்பு 6 ஆண்டுகள். உயிர் அறிவியலில் 5 ஆண்டுகள் ஆகும் என்று எண்ணிக்கொண்டு வீட்டில் பேசுங்கள். முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு அதில் 5 விழுக்காடு சலுகை உண்டு.

2. பணம் எங்கிருந்து வருகிறது?

முதன்மையான வழி சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வு. இதில் உயிர் அறிவியல் ஒரு பாடம். வழக்கமாக ஆண்டுக்கு 2 முறை நடக்கும். 3 மணி நேரம், 200 மதிப்பெண், மூன்று பகுதிகள். முதல் பகுதி பொது அறிவும் கணக்கும்: 15 கேள்விகளுக்கு 30 மதிப்பெண். இரண்டாம் பகுதி பாட அறிவு: 35 கேள்விகளுக்கு 70 மதிப்பெண். மூன்றாம் பகுதியில் 75 கேள்விகள் தந்து 25க்கு மட்டும் விடை கேட்பார்கள். அதற்கு 100 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண்ணில் கால் பங்கு கழியும்.

மொத்த மதிப்பெண்ணில் பாதி அந்த மூன்றாம் பகுதியில் இருப்பதைக் கவனியுங்கள். அங்கே ஒரு சோதனையின் முடிவைக் கொடுத்து, 'இதிலிருந்து என்ன தெரிகிறது?' என்று கேட்பார்கள். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. நம் மாணவர்கள் எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகப் படித்துத் தோற்பதைவிட, ஐந்தாறு பாடங்களை ஆழமாகப் படித்துக்கொண்டு போனால் 75ல் 25 கேள்விகளைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இதில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். மதிப்பீட்டில் தேறினால் அடுத்த 3 ஆண்டுகள் மாதம் 42,000 ரூபாய். இது 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள தொகை. கூட்டிப் பாருங்கள்: 5 ஆண்டுகளில் 24 லட்சம் ரூபாய். இது தவிர, விடுதி கிடைக்காதவர்களுக்கு விதிப்படி வீட்டு வாடகைப்படி உண்டு. பல்கலைக்கழகக் கட்டணம் போக மீதியில் ஒரு மாணவர் தன் செலவைத் தானே பார்த்துக் கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, அதே நெட் தேர்வில் 'உதவிப் பேராசிரியர் தகுதி', 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்ற வேறு இரு பிரிவுகளும் உண்டு. அவை சேர்வதற்குத் தகுதி தரும், உதவித்தொகை தரா. 'நெட் பாஸ்' என்று சொல்லும்போது எந்தப் பிரிவு என்று கேளுங்கள். இரண்டு, இந்தத் தொகை அரசுச் சம்பளம் போல ஒன்றாம் தேதி வந்துவிடாது. சில மாதம் தாமதமாகிப் பிறகு மொத்தமாக வருவதும் உண்டு. ஆகவே முதல் ஆறு மாதச் செலவுக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொண்டு சேருங்கள்.

நெட் மட்டுமே வழி என்று எண்ண வேண்டாம். மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறையும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தனித்தனியே ஜே.ஆர்.எஃப். வழங்குகின்றன. கேட் தேர்வில் உயிர் அறிவியல், உயிர்த்தொழில்நுட்பம் இரண்டும் உண்டு, ஐ.ஐ.டி.களில் சேர அது உதவும். பெங்களூரில் உள்ள என்.சி.பி.எஸ். போன்ற நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. தேர்வானவர்களுக்கு நிறுவனமே உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்யும். ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே அடுத்த தேர்வுக்குப் படிப்பதும் நல்ல வழி. அந்த ஓராண்டில் ஆய்வு நமக்கு ஒத்து வருமா என்பதும் தெரிந்துவிடும்.

3. நம் சமுதாயம் கவனிக்க வேண்டிய சான்றிதழ்

சிறுபான்மை மாணவர்களுக்கு என்று மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை இருந்தது. நம் பிள்ளைகள் பலர் அதை நம்பியே ஆராய்ச்சிக்குப் போனார்கள். 2022-23ஆம் ஆண்டு முதல் அது புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் சிலர் அதைக் கேட்டு அலைகிறார்கள். அந்தக் கதவு மூடியிருக்கிறது என்பதை முதலில் தெரிந்து கொள்ளுங்கள்.

திறந்திருக்கும் கதவு ஒன்று உண்டு. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையை மத்திய சமூக நீதி அமைச்சகம் நடத்துகிறது. ஆண்டுக்கு 1000 இடங்கள். நெட் தேர்வு எழுதியவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். பொது ஜே.ஆர்.எஃப். பட்டியலிலேயே பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. லெப்பை வகுப்பு, ராவுத்தர், மரைக்காயர் உட்பட, தமிழ்நாட்டுக்கான மத்தியப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. மற்ற பிரிவினர் மத்தியப் பட்டியலைப் பார்த்து உறுதி செய்து கொள்ள வேண்டும். மாநிலப் பட்டியலில் இருப்பதாலேயே மத்தியப் பட்டியலிலும் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

இங்கேதான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். நம்மிடம் பள்ளியில் சேர்ந்த காலத்திலிருந்து இருப்பது மாநில அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சாதிச் சான்றிதழ். 2007ல் வந்த 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு அது போதும். மத்திய அரசின் தேர்வுக்கு அது செல்லாது. அதற்கு 'ஓ.பி.சி. - வளமான பிரிவினர் அல்லாதோர்' என்ற தனிச் சான்றிதழ், மத்திய அரசு தரும் படிவத்தில் வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். எந்த வருமானம் கணக்கில் சேரும், எது சேராது என்பதற்குத் தனி விதி உண்டு. தாலுகா அலுவலகத்தில் தெளிவாகக் கேட்டுக் கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் நடப்பு நிதியாண்டில் வாங்கிய சான்றிதழையே கேட்கின்றன. ஏப்ரல் பிறந்தவுடன் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் முதல் எழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் இப்போதே பார்த்துக் கொள்ளுங்கள். இரண்டு வருடம் உழைத்துத் தேர்வில் தேறியவர், ஒரு தாள் இல்லாமல் பொதுப் பிரிவில் நிற்க நேர்ந்தால் அந்த வருத்தம் சொல்லி மாளாது.

4. எங்கே தேடுவது?

நம் ஊரிலிருந்து தொடங்குவோம். 1990ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் திருநெல்வேலிக்கு அருகில் அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. அதன் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில் ஆழ்வார்குறிச்சியிலேயே உள்ளது. கடல்சார் அறிவியல் மையம் குமரி மாவட்டம் இராஜாக்கமங்கலத்தில். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் அறிவியல் புலம் நாடறிந்தது. மேற்கே ஆரியங்காவு தாண்டிப் போனால் திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும், விதுரையில் ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனமும் உள்ளன. புளியறைக்காரருக்குச் சென்னையைவிட இவை பக்கம்.

எந்த நிறுவனமானாலும் பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பெரிய நிறுவனத்தில் கவனிப்பாரற்ற மாணவராக இருப்பதைவிட, சிறிய பல்கலைக்கழகத்தில் அக்கறையுள்ள நெறியாளரிடம் இருப்பது மேல்.

5. நெறியாளருக்கு எழுதும் கடிதம்

உபைத் சித்தீகி என்ற பெயரை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் 1932ல் பிறந்து, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்து, பிரிட்டனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முடித்தவர். 1962ல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். பின்னாளில் பெங்களூரில் என்.சி.பி.எஸ். நிறுவனத்தை உருவாக்கியவரும் அவரே.

1970களில் அவருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வெரோனிகா ரோட்ரிக்ஸ். கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண். அயர்லாந்தில் டப்ளின் நகரில் படித்துக் கொண்டிருந்தார். சித்தீகியின் ஆய்வைப் பற்றிப் படித்துவிட்டு, அவரிடம் ஆய்வு செய்ய விரும்புவதாக எழுதினார். மும்பைக்கு வந்து மாணவியாகச் சேர்ந்தார். பழ ஈக்கள் சுவையையும் மணத்தையும் எப்படி அறிகின்றன என்று ஆராய்ந்தார். 1978ல் இருவர் பெயரிலும் வெளிவந்த கட்டுரை அந்தத் துறையின் தொடக்க காலப் பணிகளில் ஒன்று. 1981ல் பிஎச்.டி. பெற்ற அவர், பின்னர் அதே நிலையத்தில் பேராசிரியராகிப் பல மாணவர்களை உருவாக்கினார்.

சிபாரிசு இல்லாமல் ஒரு கடிதத்தில் தொடங்கியது அந்த வாழ்க்கை. நம் பிள்ளைகளும் கடிதம் எழுதுகிறார்கள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புகிறார்கள். "நான் கடின உழைப்பாளி, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் ஒரு வாய்ப்புத் தாருங்கள்" என்று இருக்கும். பேராசிரியர் முதல் வரியைப் பார்த்ததும் மூடிவிடுவார். அவருடைய வேலையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இருக்காது.

எப்படி எழுத வேண்டும்? நீங்கள் அனுப்பப் போவது ஆங்கிலத்தில்தான். விஷயம் விளங்குவதற்காகத் தமிழில் தருகிறோம்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, நான் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இறுதியாண்டு மாணவி. நெல் வேரைச் சுற்றியுள்ள மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தண்ணீர் தேங்கிய வயலில் மண் எடுத்திருக்கிறீர்கள். அறுவடைக்கு முன் தண்ணீர் வடிந்த பிறகும் அதே வகைகள் இருக்குமா என்ற கேள்வி எனக்கு வந்தது. எங்கள் ஊர் மலையடிவாரத்து நெல் வயல் ஊர். என் புராஜெக்ட்டில் ஆறு மாதம் மண்ணிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்க்கும் வேலை செய்தேன். ஜூன் மாத நெட் தேர்வு எழுதுகிறேன். அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கும் எண்ணம் உண்டா? நேரில் வந்து பேச அனுமதித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்."

இந்தக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: நீங்கள் யார், அவருடைய வேலையில் எதைப் படித்தீர்கள், உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், பண வழி என்ன. ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். மதிப்பெண் பட்டியலை இணைத்தால் போதும். கடிதத்துக்குள் அடுக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை மரியாதையாக நினைவூட்டலாம். அதற்கும் வராவிட்டால் மனம் உடையாமல் அடுத்தவருக்கு எழுதுங்கள். ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் எழுதுவதைவிட, ஐந்து பேருக்கு ஐந்து கடிதம் எழுதுவது பலன் தரும்.

6. சேரும் முன் கேட்க வேண்டியவை

நேரில் போகும்போது நெறியாளரிடம் பேசுங்கள். அதோடு, அங்கிருக்கும் மூத்த மாணவர் ஒருவரைத் தனியாகச் சந்தித்து ஒரு டீ குடித்துக்கொண்டே இவற்றைக் கேளுங்கள்:

அ. இங்கிருந்து கடைசியாகப் பட்டம் பெற்ற மூன்று பேருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின? இப்போது எங்கே இருக்கிறார்கள்? பாதியில் போனவர்கள் உண்டா?

ஆ. நெறியாளரிடம் எத்தனை மாணவர்கள்? ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம் என்பது விதி. வாரம் ஒருமுறையாவது மாணவரோடு உட்கார்ந்து பேசுவாரா?

இ. வேதிப்பொருள் வாங்கத் திட்ட நிதி இருக்கிறதா, மாணவர் கைக்காசு போட வேண்டியிருக்கிறதா? சி.எஸ்.ஐ.ஆர். ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களுக்கு ஆய்வுச் செலவுக்கு என்று ஆண்டுக்கு 20,000 ரூபாய் நிறுவனத்துக்கு வரும். இன்றைய விலைவாசியில் அது மட்டும் போதாது.

ஈ. மாணவர் செய்த வேலைக்குக் கட்டுரையில் மாணவர் பெயர் வருகிறதா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. அதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே அழகான முன்மாதிரி உண்டு. 1952ல் அங்கே இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரன், 1954ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தைச் சொன்னார். 1963ல் தம்மிடம் ஆய்வு செய்த சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதைக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டார். மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு பொறுமையாகப் போட்ட கணக்கு அது. இன்று உலகம் முழுவதும் உயிர்வேதியியல் மாணவர்கள் அதை 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று படிக்கிறார்கள். அந்தக் கட்டுரையில் மூவர் பெயரும் இருக்கின்றன. நல்ல ஆய்வகத்துக்கு இது ஓர் அடையாளம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். பிஎச்.டி. இடத்துக்கு என்று தனியாக யாரேனும் பணம் கேட்டால் அங்கே சேராதீர்கள். 'ஆய்வேட்டை நாங்களே எழுதித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்கள் பக்கமும் போகாதீர்கள். ஆய்வேடுகளைத் திருட்டுச் சோதனைக்கு உட்படுத்தும் காலம் இது. பிடிபட்டால் பட்டத்தோடு மானமும் போகும். பிடிபடாவிட்டாலும் அது ஹலாலான பட்டம் ஆகாது.

7. முதல் ஆண்டு எப்படி இருக்கும்?

சேர்ந்தவுடன் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாட வகுப்புகள் உண்டு; அதில் ஆய்வு முறையியலும் ஆய்வு நெறிமுறையும் அடங்கும். ஆய்வு ஆலோசனைக் குழு முன் ஒவ்வொரு பருவத்திலும் உங்கள் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும்.

ஆய்வகத்தில் கற்கும் முதல் வேலை சின்னதாகத் தெரியும்: பைப்பெட்டைச் சரியாகப் பிடிப்பது, ஆட்டோகிளேவில் பாத்திரங்களைக் கிருமி நீக்குவது, ஊடகம் தயாரித்துத் தட்டுகளில் ஊற்றுவது. 'எம்.எஸ்சி. முடித்தவனுக்கு இதுவா வேலை?' என்று தோன்றும். தட்டில் பூஞ்சை படர்ந்து ஒரு மாத வேலை வீணாகும் அன்றைக்குத்தான் அந்தச் சின்ன வேலையின் அருமை தெரியும்.

இரண்டாவது பழக்கம், ஒப்பீட்டுச் சோதனை. உம்மா இட்லி மாவில் உப்புப் போட்டு வைக்கிறார்கள், மாவு புளிக்கிறது. உப்பினால்தான் புளித்ததா? தெரிய வேண்டுமானால் அதே மாவை உப்பில்லாமலும் ஒரு பாத்திரத்தில், அதே இடத்தில், அதே நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாம் பாத்திரம் இல்லாத எந்தச் சோதனையும் சோதனை ஆகாது. பெரிய கருவிகள் வைத்துக்கொண்டும் இதை மறந்துவிடுபவர்கள் உண்டு.

மூன்றாவது, ஆய்வகக் குறிப்பேடு. தேதி போட்டு, பேனாவால், அன்றன்றைக்கு எழுதுங்கள். தவறு நடந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள், தாளைக் கிழிக்காதீர்கள். சோதனை தோற்றதும் ஒரு தகவல்தான். எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்பதற்காக எண்ணை மாற்றி எழுதுவது பொய் சாட்சி சொல்வதற்குச் சமம். உங்கள் எண்ணை நம்பி நாளை ஒருவர் மருந்து செய்யக்கூடும்.

முதல் ஆண்டில் பெரும்பாலான சோதனைகள் தோற்கும். வீட்டுக்கு வரும்போது "என்ன கண்டுபிடிச்சே?" என்று கேட்டால் பிள்ளை தலையைக் குனிவான். அந்த நேரத்தில் பெற்றோர் சொல்லும் ஒரு சொல் அவனை நிற்கவும் வைக்கும், ஓடவும் வைக்கும்.

வயது போகிறதே என்று வருந்துவோருக்கு ஒரு செய்தி. 1952ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976ல் அமெரிக்காவில் இயற்பியலில் பிஎச்.டி. முடித்தார். பிறகு மனம் உயிரியலின் பக்கம் திரும்பியதால், கலிபோர்னியாவில் சான் டியாகோ நகரில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து அடியிலிருந்து கற்றார். உயிரணுவுக்குள் புரதம் தயாராகும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். டாக்டர் பட்டம் பெற்றவரே திரும்பவும் மாணவராக உட்கார்ந்தார். 23 வயதில் 'வயசாகிவிட்டது' என்று நாம் சொல்வது சரியா?

8. பெண் பிள்ளைகளுக்கு

"கல்யாணம் ஆனால் படிப்பு நின்றுவிடுமே" என்பது உண்மையான அச்சம். விதிகள் இதற்கு இடம் தந்திருக்கின்றன. பெண் ஆய்வாளர்களுக்கு 6 ஆண்டு வரம்புக்கு மேல் கூடுதல் கால அவகாசம் உண்டு. படிப்புக் காலத்தில் மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு 240 நாள் வரை எடுக்கலாம். திருமணமாகி வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆய்வை அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக் கொள்ளவும் வழி இருக்கிறது.

விதி இருந்தால் போதாது; வீட்டில் பேச்சும் தெளிவாக இருக்க வேண்டும். சம்பந்தம் பேசும்போதே, 'பெண் ஆய்வு செய்கிறாள், முடிக்க இத்தனை ஆண்டு ஆகும், சில நாள் வீடு திரும்ப இரவு ஆகும்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் சொல்லாமல் விட்டதால் வருவது. விடுதி எங்கே, இரவில் ஆய்வகத்திலிருந்து விடுதிக்கு எப்படிப் போவது, புகார்க் குழு இருக்கிறதா என்பதைப் பெற்றோர் நேரில் போய்ப் பார்த்துக் கொள்ளலாம், அதில் தவறில்லை. கருவுற்றிருக்கும்போது சில வேதிப்பொருள்களைத் தொடக் கூடாது. அதைத் தயங்காமல் நெறியாளரிடம் சொல்லி வேலையை மாற்றிக் கொள்ள வேண்டும்.

9. இந்த மாதமே செய்ய வேண்டியவை

பி.எஸ்சி. இறுதியாண்டில் இருப்பவர்: ஜாம் தேர்வு பற்றித் தெரிந்து கொள்ளுங்கள். அதில் உயிர்த்தொழில்நுட்பப் பாடம் உண்டு. பெரிய நிறுவனங்களில் எம்.எஸ்சி. சேரவும், சில இடங்களில் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் இணைந்த படிப்பில் சேரவும் அது வழி.

எம்.எஸ்சி. முதலாண்டில் இருப்பவர்: பெங்களூரின் இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ் மற்ற அறிவியல் கழகங்களோடு சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருந்து பார்த்தால் இந்தப் பாடத்தில் சொன்னதைவிட அதிகம் விளங்கும்.

எம்.எஸ்சி. இறுதியாண்டில் இருப்பவர்: புராஜெக்ட்டை வெளியில் காசு கொடுத்து வாங்காதீர்கள். அந்த ஆறு மாதம்தான் உங்கள் கடிதத்தில் எழுதப் போகும் ஒரே அனுபவம். நீங்கள் விரும்பும் பாடத்தில் மூன்று கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொன்றிலும் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து நெறியாளருக்கான கடிதம் தானாகப் பிறக்கும்.

பெற்றோர்: ஓ.பி.சி. சான்றிதழைக் கையில் வாங்கி வையுங்கள். நேர்காணலுக்குப் போக வரப் பயணச் செலவைத் தயார் செய்து கொடுங்கள். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, "எந்த ஆய்வகம், யார் கைடு, விசாரிச்சியா?" என்று கேளுங்கள். "எத்தனை வருசம்?" என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேட்டுக் கொள்ளலாம்.

நம் தலைக்கு மேல் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் செடிகளையும், பூச்சிகளையும், மண்ணையும் ஆராய எங்கிருந்தெல்லாமோ ஆய்வாளர்கள் வந்து போகிறார்கள். அடிவாரத்தில் பிறந்த பிள்ளைகளும் அந்த வேலைக்குத் தகுதியானவர்களே. விசாரித்து, தயாராகி, தலை நிமிர்ந்து போய்ச் சேரட்டும். அல்லாஹ் அவர்கள் முயற்சியில் பரக்கத் செய்வானாக.